நோனாவின் கார்

எங்கள் காரின் முன் இடது கதவு திறக்காது. உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்காது, வெளியேயிருந்து இழுத்தாலும் திறக்காது, போதகர் வந்து ஜெபம் பண்ணினாலும் திறக்காது. ஒருமுறை பண்ணியும் பார்த்தார். ஆகவே அந்தக் கார் எங்கள் முற்றத்துக்கு வந்த நாளிலிருந்து நான் பின் சீட்டில்தான் இருந்தேன். இந்த ஒரு கதவால் எனக்கு வந்த மரியாதையும் வினையும் கொஞ்சநஞ்சமல்ல.

முன்னால் வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக என் புருஷன். பின்னால் தன்னந்தனியாக நான், மடியில் கைப்பை, பக்கத்தில் மரவள்ளிக் கிழங்குப் பை. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? யாரோ பெரிய இடத்து நோனா டிரைவரோடு போகிறாள் என்றுதான். நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி. அப்போது எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த ஒரு சொல்தான். அதையும் ஊர் என் தலையிலேயே கட்டிவிட்டது.

அவர் டிரைவர் என்பதில் பொய் இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு டொக்டருக்கு இருபது வருடம் கார் ஓட்டியவர். சண்டை முற்றிய காலத்தில் டொக்டர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். காரைக் கப்பலில் ஏற்ற முடியாது, விற்கவும் அவருக்கு மனம் வரவில்லை. "இத நீயே வைச்சிரு, இதுட குணம் உனக்குத்தான் தெரியும்" என்று என் புருஷனிடம் கொடுத்துவிட்டார். ஜெர்மன்காரன் செய்த கார். பெயர் சொல்லத் தேவையில்லை, மூக்கின் மேல் நட்சத்திரம் நிற்கிற கார். மந்திரிமார், பெரிய முதலாளிமார் வைத்திருக்கிற சாதி. எங்களிடம் வந்தபோது அதற்கு வயது என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

டொக்டர் காரைத் தந்த அன்றைக்கு நான் அடுப்படியில் கணவாய்க் கறியோடு நிற்கிறேன். அவர் ஒரு தாளை நீட்டி, "இதில ஒரு கையெழுத்துப் போடு" என்றார்.

"என்னத்துக்கு?"

"போடு கா, கறி அடிப் பிடிக்குது."

கறி உண்மையிலேயே அடிப் பிடித்தது. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டேன். பிறகு கறியைக் காப்பாற்றினேன். அந்தத் தாளை அன்றோடு மறந்தும் போனேன்.

கார் வந்த கிழமையே எங்கள் கடற்கரை ஊர் பெரியகல்லாறு முழுக்க எங்களைப் பணக்காரர் ஆக்கிவிட்டது. எங்கள் கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால்! வாசலில் வருகிற மீன்காரர் நான் மலிவான கீரிமீன் கேட்டால் தரமாட்டார். "உங்களுக்கு என்னத்துக்கு நோனா கீரி? பாருங்க, விளமீன் என்ன மாதிரிப் பளபளக்குது" என்பார். கீரிமீன் தின்ன வேண்டுமென்றால் நான் அடுத்த தெருவுக்கு ஒளித்துப் போய் வேறு ஆளிடம் வாங்கவேண்டும். வேதக் கோயிலில் கூரை ஒழுகினால் எல்லாத் தலையும் நாங்கள் உட்காருகிற வாங்குப் பக்கம் திரும்பும். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் "நட்சத்திரம்" என்று கூப்பிட்டார்கள். பெட்டைக்கு அது பிடித்தும் இருந்தது, என்னிடம் மட்டும் பிடிக்காத மாதிரிக் காட்டினாள்.

உண்மை என்னவென்றால், அந்தக் கார் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். டீசல் கிடைக்காத நாட்களில் அவர் மண்ணெண்ணெய் ஊற்றுவார். அப்போது நான் எங்கே போனாலும் என் சீலை குப்பிவிளக்கு மாதிரி மணக்கும். கண்ணாடி ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. நட்சத்திரத்தை யாரோ முறித்துக்கொண்டு போனதும் டவுனில் ஒரு பறங்கிக் கொல்லரிடம் புதிதாகச் செய்யக் கொடுத்தார். அந்த மனிதர் பித்தளையில் வெகு அழகாக ஒன்று செய்து தந்தார், ஐந்து மூலையோடு. "மூன்று மூலையெல்லோ?" என்று இவர் பதறினார். "நட்சத்திரமெண்டா அஞ்சு மூலைதான் ஐயா. வேணுமெண்டா நத்தார் மரத்தைப் பாருங்க" என்று கிறிஸ்மஸ் மரத்தைச் சாட்சிக்கு அழைத்தார் கொல்லர். அதையே பூட்டினோம். அதற்குப் பிறகு எங்கள் மரியாதை இன்னும் கூடியது. ஐந்து மூலை என்றால் விலை கூடின மொடல் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

வாவிக்கு அக்கரையில் ஒரு கலியாணத்துக்குக் காரைக் கேட்டிருந்தார்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். காரைப் பாதையில் ஏற்றியதும் ஒரு பக்கம் தாழ்ந்தது. ஏற்கெனவே ஏறி நின்ற சனம் முழுக்க, சைக்கிளும் கோழியுமாக, ஒரு வார்த்தை பேசாமல் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்து நின்றது. நானும் இறங்கி அந்தப் பக்கம் போனேன். "நீங்க ஏன் நோனா இறங்கின? நீங்க இருங்க, நாங்க சரிக்கட்டுறம்" என்றாள் ஒரு மனிசி. கொடுப்பினையைப் பாருங்கள்! நான் திரும்ப ஏறி உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அக்கரை வரும்வரை எனக்கு நல்ல சுகமாகத்தான் இருந்தது.

சோதனைச் சாவடிகளில் இன்னொரு கூத்து. டவுனுக்குப் போகிற வழியில் அப்போது எத்தனை சாவடி! பஸ்ஸில் போகிற சனம் இறங்கி வரிசையில் நடக்கும். எங்கள் கார் வந்தால் ஆமிக்காரன் முதலில் விறைத்து நிற்பான். பிறகு கிட்ட வந்து துருவையும் கயிறு கட்டின பம்பரையும் பார்த்துக் குழம்பி, காரின் பதிவுப் பொத்தகத்தைக் கேட்பான். இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "நோனாகே, நோனாகே" என்பார். அவன் பொத்தகத்தைப் பார்ப்பான், பின்னால் என்னைப் பார்ப்பான், சிரிப்பான், கையைக் காட்டி அனுப்புவான். நோனா என்று என்னை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி, வாயை இறுக்கி, ஒரு சீமாட்டி எப்படி இருப்பாளோ அப்படி இருந்து காட்டுவேன். பத்து வருடம் அப்படி இருந்து காட்டினேன்.

இங்கே எங்கள் பக்கத்து முறை ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எங்களில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆம்பிளை கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குள் வந்து இருப்பான். என் புருஷனும் அப்படித்தான் வந்தார், ஒரு சூட்கேஸோடு. வீடு என் அம்மா தந்தது. கிணறு, தென்னை, கட்டில், குத்துவிளக்கு எல்லாம் என்னுடையவை. கார் மட்டும் அவருடையது. அதை அவர் துடைக்கிற துடைப்பில் எனக்குப் பொறாமை வரும். "என்னை ஒருநாள் இப்பிடித் துடைச்சீங்களா?" என்று கேட்பேன். "நீ துருப் பிடிக்கமாட்டாய்" என்பார்.

வீட்டை நான் என் மகளுக்கென்று வைத்திருந்தேன். ஒரே பிள்ளை. வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கள் பக்கம் மாப்பிள்ளை எங்கே வருவான்? வந்தாலும் எங்கே இருப்பான்?

அப்படியிருக்க ஒரு நத்தாருக்கு, கடலை விட்டு உள்ளே இருக்கிற சித்தாண்டிக்குப் போனோம். அவருடைய தமக்கை அங்கே இருந்தா. மச்சாள் முருகன் பக்தை, நாங்கள் வேதக்காரர். ஆனால் எங்கள் நத்தார் கேக்கை மச்சாள் ஒரு துண்டு விடமாட்டா. சாப்பிட்டு, கதைத்து, வெயில் தாழத் திரும்பலாம் என்று ஏறி உட்கார்ந்தால், கார் ஒரு இருமல் இருமியது. அவ்வளவுதான். அவர் கீழே படுத்தார், மேலே எழுந்தார், ஊதினார், உறிஞ்சினார். ஒன்றுக்கும் அசையவில்லை. தங்கவேண்டியதாகிவிட்டது.

நான் ஏசின ஏச்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "ஊருக்கு நோனா, இஞ்ச ஒரு மாத்துச் சீலை இல்லாம கிடக்கிறன்! வித்துத் தொலைங்க! வாவிக்குள்ள தள்ளுங்க!" விடிந்தும் ஏச்சு ஓயவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு மச்சாள் பிட்டு வைத்தபோதும் ஏசிக்கொண்டுதான் தின்றேன். அப்போதுதான் ரோட்டில் ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான், கடல் வந்துவிட்டது என்று. கடல் எப்படி வரும்? நாங்கள்தானே கடலுக்குப் போவோம்? அவன் குடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டு நாளைக்குப் பிறகு, அவர் காரை ஒருவழியாக ஓடவைத்த பின்புதான் ஊருக்குப் போக முடிந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அதற்குள்ளும் மணல். எதிர்வீட்டுக்காரி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், எனக்கு ஒளித்துக் கீரிமீன் விற்ற மனிசன், எல்லோரும் போய்விட்டார்கள். நான் மணலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். பிறகு எழுந்து போய் அந்தப் பாழாய்ப்போன காரின் மூக்கைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தேன். ஓம், கொடுத்தேன். அன்றைக்கு அது ஓடியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் இல்லை.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "கார்க்காரருக்கு முதலே தெரிஞ்சிருக்கு. பெரிய இடத்தில இருந்து போன் வந்திருக்கு. அதுதான் நத்தாரண்டே ஓடித் தப்பின" என்று கதை வந்தது. எங்கள் வீட்டில் போனே இல்லை!

ரோட்டுக்கு மேல்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் முகாமாகியது. வகுப்பறையில் இடம் போதாது, நாங்கள் மூவரும் காரிலேயே படுத்தோம். விடிந்து பார்த்தால் காரைச் சுற்றி வரிசை! அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த சனம், ஏதோ மந்திரி வந்திருக்கிறார் என்று நினைத்து மனுக்களோடு நிற்கிறது. நான் பின் சீட்டில் தலை கலைந்து எழும்புகிறேன், ஜன்னலால் ஒரு கை கடிதத்தை நீட்டுகிறது. "அம்மா, எங்கட வள்ளம் போயிற்று." அடுத்த கை, "அம்மா, ஐடென்டிட்டி கார்ட் இல்ல." நான் என்ன செய்ய? "நானும் அகதிதான் கா" என்றேன். யாரும் நம்பவில்லை. அடக்கமான நோனா என்றார்கள். கடைசியில் எல்லாக் கடிதத்தையும் வாங்கி, தலையைச் சீவிக்கொண்டு, நானே கொண்டுபோய், ஊருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர், எங்கள் விதானையாரின் மேசையில் வைத்தேன். அதில் பாதிப் பேருக்கு அலுவல் முடிந்தது என்று பிறகு அறிந்தேன். இத்தனை துக்கத்துக்குள்ளும் நாங்கள் மூவரும் சீட்டில் உருண்டு உருண்டு சிரித்தோம். சிரிக்கக்கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பை அடக்க முடியாது.

சிரிப்பு அடங்கினது வீட்டுப் பட்டியல் ஒட்டின அன்றைக்கு. வீடு இழந்தவர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுக்கப் பெயர் எடுத்திருந்தார்கள். பலகையில் என் புருஷனின் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் எழுதியிருந்தது: "சொகுசு வாகனம் உண்டு."

மகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அப்போது பதினாறு. "பரவாயில்லம்மா" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே விதானையாரிடம் போனேன், வரிசையை வெட்டிக்கொண்டு. இவர் பின்னால் ஓடி வந்தார், "இஞ்சாரு, விடு, விடு" என்று.

விதானையார் நல்ல மனிதர், களைத்துப் போயிருந்தார். "தங்கச்சி, கோவிக்காதீங்க. கார் வைச்சிருக்கிறாக்களுக்கு வீடு குடுத்தா மத்தாக்கள் என்னைத் திண்டுருவாங்க."

"எந்தக் கார்?"

"அந்தா நிக்கிதே. உங்கட கார்."

"என்ட காரா? ஐயா, நீங்க எந்த ஊர்?"

"இந்தப் பக்கம்தான். ஏன்?"

"நீங்க இருக்கிற வீடு ஆருட?"

"மனிசிட."

"படுக்கிற கட்டில்?"

"அதுவும் மனிசிட. சீதனத்தில வந்த."

"வாசலில நிக்கிற மோட்டார் சைக்கிள்?"

"அது என்ட!" என்றார். சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது.

"நாளைக்குக் கடல் வந்து உங்கட மனிசிட வீட்டைக் கொண்டு போகுது எண்டு வைங்க. 'உன்ட புருசனுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கு, அதால உனக்கு வீடில்ல' எண்டு ஒருத்தர் சொன்னா, உங்கட மனிசி விடுவாவா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பேனையைக் காதில் செருகிக்கொண்டு. "விடமாட்டா" என்றார். "கொலையே செஞ்சுபோடுவா."

"நானும் அப்பிடித்தான்! கடல் கொண்டு போனது என்ட வீட்டை. என்ட அம்மா எனக்குத் தந்த வீட்டை. நான் என்ட புள்ளைக்கு வைச்சிருந்த வீட்டை. கார் அந்த மனிசன்ட. அந்த மனிசனுக்கு இந்த உலகத்தில அந்தக் காரை விட்டா ஒரு தூசியும் சொந்தமில்ல!"

வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஆண்கள் சிரித்தார்கள், கொஞ்சம் அசடு வழிய. எல்லோரும் பெண்சாதி வீட்டில் இருக்கிறவர்கள்தானே. நான் திரும்பிப் பார்த்தேன். என் புருஷன் கதவடியில் நின்றார். முகம் வெளிறி, வலக்கையால் சட்டைப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றார். நெஞ்சு வலியோ என்று பயந்தேன். பிறகு, நாலு பேருக்கு முன்னால் நான் சொன்னது அவருக்குக் குத்திவிட்டது என்று விளங்கியது. குத்தினால் குத்தட்டும், வீடு பெரிது என்று அந்த நேரம் நினைத்தேன்.

"எதுக்கும் ஒருக்காக் காருட பொத்தகத்தைப் பாத்துட்டு..." என்று விதானையார் இழுத்தார்.

"காட்டச் சொல்லுங்க! காட்டுவார்!" என்றேன் நான், நெருப்பு மாதிரி.

என் புருஷனுக்கு இருமல் வந்தது. அப்படி ஒரு இருமலை நான் கண்டதில்லை. கார் சித்தாண்டியில் இருமினது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ முதுகைத் தடவினார்கள். பின்னால் நின்ற ஒரு மனிசி, "என்ன ஐயா, பொத்தகம் பாத்துப் பொழுது போக்கிறீங்க, எங்கட முறை எப்ப வாற?" என்று சத்தம் போட்டாள். விதானையார் கையை உதறினார். கொழும்பில் அச்சடித்த படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று இருந்த இடத்தில் என் புருஷனுடைய பெயரை வெட்டி, என் பெயரை எழுதினார். வாகனம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். நான் அவரைக் கும்பிட்டேன். அவர் என்னைக் கும்பிட்டார், இனி வராதே என்கிற மாதிரி.

வீடு வந்தது. ரோட்டுக்கு மேல்பக்கம், இரண்டு அறை, ஒரு அடுப்படி, கடல் சத்தம் கேட்காத தூரம். உறுதிப் பத்திரத்தில் என் பெயர். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் பாதி புருஷன்மார் பெயரில் வந்துவிட்டது, அந்தக் கொழும்புப் படிவத்தால். அவர்கள் மகளுக்கு எழுத ஓடித் திரிந்தார்கள். நான் ராணி மாதிரி இருந்தேன்.

வருடங்கள் போயின. சண்டையும் முடிந்தது. டவுன் பக்கம் பட்டாசு கேட்டது. எங்கள் ஒழுங்கையில் யாரும் வெளியே வரவில்லை. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த வீடுகள் எங்களைச் சுற்றி இருந்தன. ஆனால் ரோட்டுகள் திறந்தன, அது உண்மை. எல்லாச் சனமும் ஊர் பார்க்கப் புறப்பட்டது. பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிற தெற்குச் சனம் பஸ்ஸை நிறுத்தி எங்கள் காரோடு போட்டோ எடுத்தது. முன்பு பணக்காரர் என்று பார்த்தார்கள், பிறகு தெரிந்தும் சொல்லாமல் ஓடின கள்ளர் என்று பார்த்தார்கள், இப்போது நூதனசாலைப் பழம்பொருள் என்று பார்க்கிறார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதுதான் போல. பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுகிற ஒருவர் வந்து, வெள்ளைக்காரருக்குக் காட்ட இதை வாங்குகிறேன் என்றார்.

"நோனாவைத்தான் கேக்கோணும்" என்றார் என் புருஷன்.

"என்னை ஏன் கேக்கிறீங்க? உங்கட கார், நீங்க பாருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். கார் எங்கள் முற்றத்திலேயே நின்றது.

அடுத்த வருடம் மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. ஆசிரியர், நல்ல பிள்ளை, வெட்கப்படுகிற பிள்ளை. வீட்டை மகள் பெயருக்கு எழுதினேன். நாங்கள் இருவரும் பின்வளவில் ஒரு சின்ன அறை போட்டுக்கொண்டோம். எழுதி முடித்து வந்த அன்று எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. என் அம்மா செய்ததை நானும் செய்துவிட்டேன், கடல் வந்தும் செய்துவிட்டேன்! அன்று பின்னேரம் அவர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு படிவம்.

"இஞ்சாரு. காரை மருமகனுக்குக் குடுப்பமா?"

"ஏன் அவருக்கு? வீடுதான் இருக்கே."

"வீடு அவளிட. பொடியன் நாளைக்கு வெறுங்கையோட அந்த வாசலால உள்ளுக்கு வருவான். அது என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியும் கா. முத்தத்தில தன்ட எண்டு ஒண்டு நிண்டா, ஆம்பிளைக்கு ஒரு தைரியம்."

முப்பது வருடம் என் வீட்டில் இருந்த மனிசன் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. "சரி, குடுங்க. உங்கட கார்தானே" என்றேன்.

"இதில ஒரு கையெழுத்துப் போடு."

"என்னத்துக்கு? சாட்சிக்கா?"

"சாட்சிக்கில்ல. காருட சொந்தக்காரர் போடோணும்."

அவர் காரின் பொத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது என் பெயர்.

கொஞ்ச நேரம் எனக்கு எழுத்து விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. கணவாய்க் கறி. சாவடியில் பொத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த ஆமிக்காரன். "நோனாகே எண்டா என்ன?" என்று கேட்டேன்.

"நோனாட எண்டு அர்த்தம். நோனாட கார். பொத்தகத்தில ஒரு பேர், ஓட்டுறது வேற ஆள் எண்டா அவன் கேப்பானே."

"அட கர்த்தரே! அப்ப நான் விதானையார்ட்ட..."

"ஓம். நீ 'காட்டச் சொல்லுங்க, காட்டுவார்' எண்டு கத்தினாய். நான் பொக்கற்றைப் பொத்திக்கொண்டு நிண்டன்."

"ஏன் மனிசா என்ட பேரில எழுதின?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "உன்ட வளவுக்குள்ள நிக்கிற சாமானை வேற ஆருட பேரில எழுதிற?" என்றார்.

நான் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன், மகள் ஓடி வந்து என்னம்மா என்று கேட்கக் கேட்கச் சிரித்தேன். சிரிப்புக்குள் அழுகை வந்துவிட்டது. ஊர் என்னை நோனா என்று தப்பாக நினைக்கிறது என்று எத்தனை வருடம் புறுபுறுத்தேன்! ஊர் சரியாகத்தான் நினைத்திருக்கிறது. கார்க்காரி நான்தான். அந்த மனிசனுக்குக் காரை விட்டால் ஒரு தூசியும் இல்லை என்று வரிசைக்கு முன்னால் கத்தினேனே, அந்தக் காரும் அவருக்கு இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு, என் பொய்யை நெஞ்சில் பொத்திக்கொண்டு, என் வீட்டுக்காக இருமிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பேனையை வாங்கினேன். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன். புதிய உரிமையாளர் என்ற இடத்தில் அவர் மருமகனின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். அதை அழித்தேன். அவருடைய பெயரை எழுதினேன், பேனையால், நன்றாக அழுத்தி.

"என்ன செய்யிறாய்? பொடியனுக்கு?"

"பொடியனுக்குத் தள்ளுற வேலை இருக்கு. நான் ஒரு அரசாங்க உத்தியோகத்தருக்கு முன்னால ஒரு சொல் சொல்லிட்டன். அது பொய்யாகக் கூடாது."

அவர் எழுந்து போய்க் காரைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே காலையில் துடைத்த கார்.

கலியாணத்தன்று மகளும் நானும் பின் சீட்டில். மகளின் வெள்ளைச் சீலை சீட்டு முழுக்கப் பரவி, எனக்கு ஒரு மூலைதான் மிச்சம். முன்னால் அவர், புதுச் சட்டை. எங்கள் வீட்டுத் திருப்பத்தில் கார் நின்றுவிட, ஒழுங்கையே திரண்டு தள்ளியது, பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாக. கோயிலடிச் சந்தியில் மட்டும் ஒரு சாவடி மிச்சமிருந்தது. இளம் ஆமிக்காரன் ஒருவன் மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொத்தகத்தைக் கேட்டான். இவர் நீட்டினார். பழக்க தோஷம், "நோனாகே, நோனாகே" என்றார்.

அவன் பொத்தகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். பெயர் ஒத்துவரவில்லை.

நான் முன் சீட்டுக்கு மேலால் எட்டி அவருடைய தோளில் தட்டினேன். ஆண்களைச் சிங்களத்தில் மாத்தயா என்பார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும், மிச்ச "கே"யை அவரிடமே படித்திருந்தேனே. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கோயில் வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "மாத்தயாகே! மாத்தயாகே!" என்று கத்தினேன்.